அந்த வேட்டி வெள்ளைதான்

இந்தக் காலத்துச் சனங்கள் செத்தவர்களைக்கூடச் சும்மா விடுவதில்லை. உயிரோடு இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச நேரமில்லாதவர்கள், செத்த பிறகு படத்தைப் பெரிசு பண்ணி, முகத்துக்கு ரோஸ் நிறம் ஏற்றி, சுற்றிலும் சீரியல் பல்பை ஓடவிட்டுக் கும்பிடுகிறார்கள். வீட்டுக்கு வருகிறவன், "இது யாரு, ஒங்க அம்மாவா? மகாலெட்சுமி கணக்கா இருக்காகளே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், பிள்ளைகளுக்குத் தலைகால் புரியாது.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடிப்படியில் ஏறிக்கொண்டே சங்கையா இதைத்தான் நினைத்தார். நினைத்ததோடு விடவில்லை. முன்னால் ஏறிப்போன மகனின் முதுகைப் பார்த்துச் சொல்லவும் சொன்னார்.

"ஏலே, உசிரோட இருந்தவள எத்தன தடவ வந்து பாத்த? இப்ப படத்துக்குப் பட்டாளத்துல லீவு போட்டு வந்திருக்க."

பால்பாண்டி திரும்பவில்லை. "மூணாம் படி ஒடஞ்சிருக்குய்யா. பாத்து வாங்க" என்றான்.

அவன் லீவில் வந்து இறங்கிய அன்றைக்கே அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறியதும், பவுடர் டப்பாவுக்குள் சுருண்டு கிடந்த நெகடிவ் சுருளைக் கண்டுபிடித்துக் குதித்ததும், வீட்டில் மூன்று நாளாக அதே பேச்சாகக் கிடப்பதும் தெருவுக்கே தெரியும். சங்கையாவின் பெண்டாட்டி வெள்ளத்தாய் செத்து, வருகிற வியாழக்கிழமையோடு ஒரு வருசம். திதிக்குப் படம் வேண்டும். சுவரில் தொங்குகிற பழைய கலர் படமோ சாயம் போய், மிளகாய்த்தூளைத் தூவினாற்போலச் சிவந்து கிடக்கிறது. புருசன் யார், பெண்டாட்டி யார் என்பதே உடுப்பை வைத்துத்தான் தெரியும்.

சங்கையாவுக்கு அந்தப் படத்தில் வேறு ஒரு காரியம் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வருசமாக அவர் கண்ணை மூடினால் வெள்ளத்தாய் வருகிறாள். ஆனால் ஆஸ்பத்திரியில் கடைசி நாள் கிடந்த வெள்ளத்தாய்தான் வருகிறாள். உதடும் நகக்கண்ணும் நீலம் பாரித்து, சாம்பலில் புரட்டி எடுத்த மாதிரி. அதற்கு முந்தைய ஆள் வரமாட்டேன் என்கிறாள். அத்தனை வருசம் கூடவே சோறு தின்ற மனுசிக்கு என்ன நிறம் என்பது மறந்துபோகுமா? போகிறது. கறுப்பு என்று வாய் சொல்லும். எந்தக் கறுப்பு என்று கேட்டால் மனசு திருதிருவென்று முழிக்கும்.

அதைத் திருப்பி வாங்கத்தான் படியேறினார்.

*

ஸ்டுடியோ வைத்திருந்தவள் கிருபாபாய். நாற்பது வயசு இருக்கும். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் பல வருசம் கலர் பார்த்தவள். இப்போது சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர், ஸ்கேனர், பிரிண்டர் போட்டு, ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை கட்டி உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டரின் திரைக்கு மூன்று பக்கமும் கறுப்பு அட்டை வைத்து மறைத்திருந்தது. பந்தயக் குதிரைக்குக் கண்பட்டை கட்டினாற்போல.

"இது எதுக்கு?" என்றார் சங்கையா. மில் கேட்டில் முப்பது வருசம் வாட்ச்மேனாக நின்றவர். தூக்குச்சட்டியைத் திறந்து சோற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்து அனுப்பிய ஆள். மறைத்து வைத்த எதைக் கண்டாலும் கை தானாக நீளும்.

"வெளி வெளிச்சம் பட்டா நெறம் மாறித் தெரியும் பெரியவரே. தொடாதீய."

"அப்ப உள்ள தெரியிறது மட்டும் நெசமாக்கும்?"

"உக்காருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க" என்று ஒரு டம்ளர் காபியை ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

நேற்றே பால்பாண்டி நெகடிவ்வைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அவள் அதை ஸ்கேன் செய்து, வேலையும் முடித்து வைத்திருந்தாள். திரையில் படம் வந்தது.

பங்குனிப் பொங்கலில், முறைக்காரர்கள் மேல் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற மஞ்சள் நீராட்டு அன்று சாயங்காலம் எடுத்த படம். மெட்ராசிலிருந்து பொங்கலுக்கு வந்திருந்த சொந்தக்காரர் ஐயாதுரை, கலர் பிலிம் போட்ட கேமராவை வைத்துக்கொண்டு தெருவையே விரட்டி விரட்டி எடுத்தார். வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்த அம்மன் கோயில் சுவர் ஓரம் சங்கையா மீசையோடு விறைத்து நிற்கிறார். பக்கத்தில், ஒரு கை இடைவெளி விட்டு, வெள்ளத்தாய். உதட்டை இறுக்கிக்கொண்டு.

ஆனால் அது வெள்ளத்தாய் இல்லை.

"ஆகா!" என்றான் பால்பாண்டி. "அக்கா, பிரமாதம். அம்மா எம்புட்டு லட்சணமா இருக்கா பாருங்கய்யா."

சங்கையா கழுத்தை நீட்டிப் பார்த்தார். ரோஜாப்பூ நிறத்தில் ஒரு பொம்பளை. கன்னத்தில் மினுமினுப்பு.

"இது யாரு?"

"என்னய்யா இப்படிக் கேக்கிய? அம்மா."

"என் பக்கத்துல எவளோ ஒருத்திய நிறுத்தி வச்சிருக்கு இந்தப் பொட்டி. ஏம்மா தாயி, எம் பொண்டாட்டி எங்க?"

கிருபாபாய்க்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "கொஞ்சம் கலர் ஏத்திருக்கேன் பெரியவரே. எல்லாரும் அதத்தான் கேக்காக. உள்ளபடியே கறுப்பா குடுத்துப் பாருங்க, மூஞ்சியில எறிஞ்சிட்டுப் போவாக. சிவகாசியில முருகனுக்கு ஒரு நெறம், மாதாவுக்கு ஒரு நெறம்னு கெடையாது. எல்லாருக்கும் ஒரே ரோசுதான்."

"அவ சாமி இல்ல. கறுப்பி. பேருதான் வெள்ளத்தாய். கலியாணத்தன்னைக்கே எங்க ஊர்ப் பயலுக அதச் சொல்லிச் சிரிச்சானுக."

"அதுக்கு இப்ப செத்த பொறவும் சிரிக்கணுமா?" பால்பாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "வாழ்நாள் பூரா வெயில்லயே கெடந்தாய்யா. பருத்தி எடுத்தா, மொளகா எடுத்தா, களை வெட்டுனா. நான் சம்பாதிச்சு ஒக்கார வைக்கணும்னு நெனைக்கும்போது போய்ட்டா. படத்துலயாவது நெழல்ல இருந்த மாதிரி இருக்கட்டுமே."

சங்கையா மகனைப் பார்த்தார். பட்டாளத்தில் துப்பாக்கி தூக்குகிற பயல், மூக்கு விடைக்க நிற்கிறான். சின்ன வயசில் அம்மாவின் சும்மாட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டே நடப்பான்.

"நெழல்ல இருந்திருந்தா அவ வேற எவளாவதா இருந்திருப்பா, லே" என்றார், குரலைத் தணித்து. "எனக்கு வெயில்ல கெடந்தவதான் வேணும்."

*

கிருபாபாய் ரோஸ் நிறத்தை எடுத்தாள்.

"ஏம்மா, அழிச்சிட்டா போயிராதா?" சங்கையா பதறினார்.

"போகாது. மொதல்ல எடுத்தது உள்ள அப்படியே இருக்கு. அதுல நான் கை வைக்கவே மாட்டேன். எடுத்த நகல்லதான் இம்புட்டு வெளையாட்டும்."

"எங்க, அதக் காட்டு."

காட்டினாள். கலங்கல் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல மங்கிப்போன படம். எந்த நிறமும் எந்த நிறமாகவும் இல்லை.

"இதுல இருந்து எப்பிடிக் கண்டுபிடிப்ப, எது என்ன நெறம்னு?"

"படத்துல எது வெள்ளைன்னு ஒண்ணு தெரிஞ்சாப் போதும். இதுதான் வெள்ளைன்னு கம்ப்யூட்டருக்குக் காட்டிக் குடுத்தா மத்ததெல்லாம் அத வச்சு வரிசையில வந்துரும்." திரையில் போலியோ சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒரு சின்ன உருவம் நகர்ந்தது. "ஒங்க வேட்டியத்தான் காட்டிருக்கேன். வேட்டி வெள்ளைதான?"

"வெள்ளைதான். புது வேட்டி. பொங்கலுக்கு எடுத்தது. சுவர்ப் பட்டையும் வெள்ளைதான். முந்துன நாள்தான் சுண்ணாம்பு அடிச்சோம். நான்தான் கூட நின்னேன்."

"சுவர நம்ப முடியாது, சாஞ்ச பய போனபய எல்லாம் முதுகத் தேச்சிருப்பான். வேட்டிதான் சரி."

அவள் சொட்டுக்குழாயை வேட்டியில் வைத்து அமுக்கினாள். படம் பளிச்சென்று மாறியது.

வேட்டி நீலம் போட்டு வெளுத்ததுபோல வெள்ளையாக இருந்தது. வெள்ளத்தாயின் முகம் சாம்பல். உதட்டில் நீலம். கழுத்தில் நீலம். ஒரு வருசமாகக் கண்ணுக்குள் கிடக்கிற அதே ஆள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுந்து வந்து பொங்கலுக்கு நிற்கிறாள்.

"மூடு" என்றார். "மூடும்மா அத."

கிருபாபாய் ஒன்றும் புரியாமல் திரையை அணைத்தாள். பால்பாண்டிக்குப் புரிந்தது. அவனும் அந்தக் கட்டிலருகில் நின்றவன்தான். அப்பாவின் தோளில் கை வைக்கப் போனான். சங்கையா தோளைச் சிலுப்பிக்கொண்டார்.

"எங்கியோ தப்பு இருக்கு" என்றாள் கிருபாபாய், தனக்குத்தானே. "வேட்டி சரியா வந்திருக்கு. ஆளு சரியா வரல. சேலை என்ன நெறம்?"

"நீலம்" என்றான் மகன்.

"கத்திரிப்பூ" என்றார் அப்பா.

"அந்தச் சேலை இருக்கா? கையில குடுத்தா வச்சுப் பாத்துருவேன்."

சேலை இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில், மகள் பாலம்மாளிடம்.

பாலம்மாள், ஞானதுரை என்கிற கிறிஸ்தவச் சைக்கிள் கடைக்காரனைத் தானாகவே பார்த்துக் கட்டிக்கொண்டு போய் ஐந்து வருசமாகிறது. அன்றிலிருந்து சங்கையாவுக்கு அவளோடு பேச்சு இல்லை. தாய் செத்ததற்கு வந்தாள், தெருவில் நின்று அழுதாள், போனாள். பதினாறாம் நாள் மட்டும் சங்கையாவே அந்தக் கத்திரிப்பூச் சேலையை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தனுப்பினார். தாய் சேலை மகளுக்கு. அது வழக்கம். மகளோடு கோபம் இருக்கலாம், வழக்கத்தோடு என்ன கோபம்?

"நான் போயி வாங்கிட்டு வாரேன்" என்றான் பால்பாண்டி.

"அந்த வேதக்காரன் வீட்டு வாசல்ல போயி நிக்கவா?"

"நானும் வேதக்காரிதான் பெரியவரே" என்றாள் கிருபாபாய், சாவதானமாக. "இப்ப குடிச்சீயளே, அது என் வீட்டுக் காபி."

சங்கையா காலி டம்ளரைப் பார்த்தார். டம்ளர் அவரைப் பார்த்தது.

"போய்ட்டு வா. நான் சொன்னேன்னு சொல்லாத. சேலைய மட்டும் வாங்கு."

*

பஸ்ஸில் போய்வர எவ்வளவு நேரமாகும்? வில்லிபுத்தூர் என்ன வெளிநாடா? ஆனாலும் மதியம் தாண்டிவிட்டது. நடுவில் கரண்டு வேறு போய் வந்தது. சங்கையா அந்த இருட்டறையில் நகராமல் உட்கார்ந்திருந்தார்.

கிருபாபாய் வேறு படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கலியாணப் பெண்ணுக்குக் கலர் ஏற்றினாள். ஒரு கைக்குழந்தைக்கு ஏற்றினாள்.

"பச்சப் பிள்ளைக்குமா?"

"அவுக ஆச்சி கேட்டாக."

"ஒலகம் வெளங்கும்" என்றார் சங்கையா.

படியில் காலடி கேட்டது. ஒருவர் காலடி இல்லை.

முதலில் பால்பாண்டி வந்தான், திருடனைப் போல. பின்னால் ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாலம்மாள்.

"சேலையத் தரமாட்டேன்னுட்டா" என்றான் அவன், சுவரைப் பார்த்து. "சேலை வேணும்னா நானும் வருவேன்னா. என்ன செய்ய?"

சங்கையா திரையைப் பார்த்தபடி இருந்தார். கையில் இருந்த வேலையை முடித்து கிருபாபாய் அதை அணைத்திருந்தாள். அதில் கறுப்பாக, வாசற்படியில் நிற்கிற மகளின் உருவம் தெரிந்தது. சதை போட்டிருக்கிறாள். காதில் ஒன்றும் இல்லை.

"ஏம்மா" என்றார் கிருபாபாயிடம், "சேலை கொண்டாந்தவங்கள ஒக்காரச் சொல்லு."

"அக்கா" என்றாள் பாலம்மாள், அவளும் கிருபாபாயிடம், "நான் ஒக்காரத்துக்கு வரலன்னு அவியகிட்ட சொல்லுங்க. எங்கம்மாவப் பாக்க வந்தேன்."

"நான் ஒருத்தி இங்க தபால்காரி வேலை பாக்கத்தான் பொறந்தேனா?" என்றாள் கிருபாபாய். "சேலைய எடுங்க."

டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது என்று சொல்லி, சேலையை வெளி வராந்தாவுக்கு எடுத்துப்போனாள். எல்லோரும் பின்னால் போனார்கள். வெயிலில் விரித்ததும் கத்திரிப்பூ நிறம் தகதகத்தது.

"கத்திரிப்பூ" என்றார் சங்கையா, மகனைப் பார்த்து. அன்றைக்கு அவருக்குக் கிடைத்த முதல் வெற்றி.

திரும்ப உள்ளே வந்து படத்தைத் திறந்தாள். படத்தில் சேலை நீலம்.

"பாத்தீயளா? வேட்டி வெள்ளையா இருந்தா சேலை நீலமாகுது. சேலையக் கத்திரிப்பூவாக்குனா வேட்டி மஞ்சளாகுது. ரெண்டும் சேந்து வரமாட்டேங்குது."

பாலம்மாள் முதல் தடவையாகத் திரைக்குப் பக்கத்தில் வந்தாள். அம்மாவின் நீல முகத்தைப் பார்த்து, தன் முந்தானை முனையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு எடுத்தாள்.

"அக்கா, அந்த வேட்டி வெள்ளை இல்ல."

"வெள்ளைதான்!" சங்கையாவின் குரல் வராந்தா வரை போனது. ஐந்து வருசத்துக்குப் பிறகு மகளைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"இல்லய்யா." அவளும் அவரைப் பார்த்தே சொன்னாள். "மஞ்சள்ல முக்குனது."

"எவ முக்குனா? மஞ்சத்தண்ணிய எம் மேல ஊத்த அன்னைக்கு எவளுக்குத் தைரியம் இருந்துச்சு? தெருவுல ஒரு பயல விடல, எல்லாத்தையும் நனைச்சாளுக. நான் நடந்தா ஒதுங்கி வழி விட்டாளுக."

"அதத்தான் சொல்றேன். ஒரு வருசமும் யாரும் ஒங்க மேல ஊத்தமாட்டாக. முறைக்காரிக அம்புட்டுப் பேருக்கும் ஒங்க மீசையக் கண்டா பயம். நீங்க மட்டும் தனியா, வெள்ளையா வீட்டுக்கு வருவீயளாம். அம்மாவுக்கு அது ஒரு கொறை." பாலம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "அந்த வருசம் விடியமுன்ன, நீங்க மில்லுல இருந்து வர்றதுக்குள்ள, புது வேட்டிய எடுத்து அண்டாவுல மஞ்சத்தண்ணியில முக்குனா. நிறைய இல்ல, லேசா. ஒரு முனைய அவ புடிச்சா, ஒரு முனைய நான் புடிச்சுப் புழிஞ்சேன். 'ஏட்டி, ஒங்கய்யாகிட்ட சொன்ன, ஒன்னையும் அண்டாவுல முக்கிருவேன்'னா."

"நீங்க கட்டும்போது, 'என்ன, வேட்டி பழுப்பா இருக்கு'ன்னு கேட்டீய. 'வெளுக்காத துணி, அப்படித்தான் இருக்கும்'னா. சரின்னு கட்டிட்டுப் போனீய. நாங்க ரெண்டு பேரும் அடுக்களையில வாயப் பொத்திட்டுச் சிரிச்சோம்."

"பொய்" என்றார் சங்கையா.

"போட்டோ எடுக்கும்போதும் அவளால அடக்க முடியல. ஒதட்டப் பாருங்க."

சங்கையா பார்க்கவில்லை. அந்த உதட்டைப் பதினாலு வருசமாகச் சுவரில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பக்கத்தில் நிற்கப் பிடிக்காமல் நிற்கிறாள் என்றுதான் நினைத்திருந்தார். நாலு பேருக்கு முன்னால் இந்த முரடனோடு படத்துக்கு நிற்க வேண்டியிருக்கிறதே என்று வெறுத்துப்போய் உதட்டை இறுக்கிக்கொண்டாள் என்று. ஒரு தடவைகூட அவளிடம் கேட்டதில்லை.

"பெரியவரே" என்றாள் கிருபாபாய் மெதுவாக. "சுவருக்கு முந்துன நாள்தான் சுண்ணாம்பு அடிச்சதுன்னு நீங்கதான் சொன்னீய. வேட்டிய விட்டுருவோம். சுவர வச்சுப் பாப்போம்."

மங்கிக் கிடந்த முதல் படத்தில் இருந்து மறுபடி ஒரு நகல் எடுத்தாள். வெள்ளத்தாயின் தலைக்கு மேலே, யார் முதுகும் எட்டாத உயரத்தில், காவிப்பட்டைக்குப் பக்கத்து வெள்ளைப்பட்டை. சொட்டுக்குழாயை அங்கே வைத்தாள்.

அமுக்கினாள்.

முதலில் சேலை வந்தது. கிருபாபாயின் மடியில் கிடந்த சேலையும் திரையில் இருந்த சேலையும் ஒரே தறியில் இருந்து இறங்கினாற்போல இருந்தன. பிறகு சுவரின் காவி. சங்கையாவின் வேட்டி, வெயிலில் காய்ந்த நெல்லுபோல லேசான மஞ்சள்.

வெள்ளத்தாய் வந்தாள்.

கறுப்பு. எந்தக் கறுப்பு என்று இனிமேல் மனசு முழிக்க வேண்டாம். புளியங்கொட்டையைத் தேய்த்தால் உள்ளே ஒரு சிவப்பு ஓடுமே, அந்தக் கறுப்பு. கன்னத்து எலும்பில் சாயங்கால வெயில். இறுக்கிய உதட்டின் ஓரம் குழிந்து, இதோ, இன்னும் ஒரு நொடியில் வெடித்துவிடப் போகிற சிரிப்பு.

பால்பாண்டி திரைக்குப் பக்கத்தில் குனிந்தான். அம்மா வெயிலில்தான் நின்றாள். நன்றாகத்தான் இருந்தாள்.

"கலர் ஏத்த வேண்டாங்க்கா" என்றான் கடைசியில்.

கிருபாபாய் சின்னதாக ஒரு பிரிண்ட் எடுத்தாள். "என் பிரிண்டருக்குச் சிவப்புன்னா கொஞ்சம் பிரியம் ஜாஸ்தி. அதுக்குன்னே செவப்பக் கொறைச்சுத்தான் குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வராந்தாவுக்குப் போனாள். மூன்று பேரும் வெயிலில் படத்தையும் சேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பாலம்மாள் குனிந்தபோது அவள் கை படத்தின் மேல் வந்தது.

அதே நிறம்.

சங்கையா படத்தைப் பார்த்தார், மகளின் மணிக்கட்டைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். ஐந்து வருசமாக அந்த நிறம் வில்லிபுத்தூரில், பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில், சைக்கிள் கடை மாடியில் பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறது.

"என்னய்யா, இப்ப சரியா இருக்கா?" என்றான் பால்பாண்டி.

சரியாக இருந்தது. அதுதான் வில்லங்கம்.

இந்த முகம் நிசம் என்றால் வேட்டி மஞ்சள். வேட்டி மஞ்சள் என்றால், முப்பது வருசம் ஒரு கண்டு நூலைத் தன்னைத் தாண்டிப் போகவிடாத ஆளின் இடுப்பில், அவருக்கே தெரியாமல் ஒருத்தி மஞ்சளைக் கட்டி அனுப்பியிருக்கிறாள். இது ஒன்றுதானா? இன்னும் என்னென்ன செய்தாள்? எதற்கெல்லாம் அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்? கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.

"வேட்டி வெள்ளைதான்" என்றார்.

"அய்யா..."

"இவ வந்து மஞ்சள்னா. பொட்டியும் மஞ்சளாக்கிருச்சு. நாளைக்கு இன்னொருத்தி வந்து பச்சைன்னா பச்சையாக்கும். சொன்னபடி ஆடுற பொட்டிய எப்படிலே நம்புறது?"

"சேலை ஒத்துப்போகுதுல்ல பெரியவரே?" என்றாள் கிருபாபாய்.

"சேலை ஒத்துப்போகும். அதுக்கு?"

சங்கையா செருப்பை மாட்டினார். கைப்பிடிச் சுவரில் கிடந்த சேலையை எடுத்து, கேட்டில் பிடிபட்ட சாமானை மடிப்பதுபோல நாலாக மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

"அய்யா, சேலை!" பால்பாண்டி மேலே இருந்து கத்தினான்.

"அது எனக்குன்னு வந்த சேலைய்யா" என்றாள் பாலம்மாள்.

"ஒன்னதுதான். யாரு இல்லேன்னா?" சங்கையா உடைந்த மூன்றாம் படியைத் தாண்டி இறங்கினார். "தாய் சேலை மகளுக்கு. வழக்கத்த நான் மீற மாட்டேன்."

"பின்ன குடுத்துட்டுப் போங்க!"

"சோதிக்கணும். வீட்டுல வச்சுப் பாக்கணும்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை திதி. சேலை அந்த வீட்டில். வாங்க வேண்டுமென்றால் ஐந்து வருசமாக மிதிக்காத வாசற்படியை மிதித்துத்தான் வாங்க வேண்டும். வா என்று அவர் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

கீழே தெருவில் பஞ்சு மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று போனது. அதற்கு ஒதுங்கி நின்ற சங்கையா, யாரும் பார்க்கிறார்களா என்று நோட்டம் விட்டு, கண்ணை மூடினார்.

நீலம் வரவில்லை.

உதட்டை இறுக்கிக்கொண்டு ஒருத்தி நின்றாள். வெடுக்கென்று கண்ணைத் திறந்துகொண்டார். இடுப்பு வேட்டியின் முனையைத் தூக்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளைதான். அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். மஞ்சளாம், அண்டாவாம். கட்டின வேட்டியின் நிறம்கூடவா ஒரு ஆம்பிளைக்குத் தெரியாது?

கக்கத்துச் சேலையை இறுக்கிக்கொண்டு, ஒன்றையும் நம்பாமல், சங்கையா நடந்தார்.